பொய்ப் பிரேம் விசாரணை

இதனால் உலகெங்கும் பரந்து வாழும் தமிழ் மக்களுக்கு அறியத்தருவது யாதெனில், ஞாயிறு காலை, லண்டன் ரெய்னர்ஸ் லேனில், திரு. யோகலிங்கம் அவர்களின் டைட்டேனியம் சைக்கிளில் குப்பைக் கலண்டர் தொங்கியது.

"சுவர்ணா, இஞ்சை வாரும்." ஹோலுக்குள் நின்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "ஆர் இதை என்ர சைக்கிள் பிரேமில கொண்டுவந்து ஒட்டினது?"

ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "நான்தான். உங்கட புதுப் பிரிட்ஜில காந்தம் நிக்குதில்லை, விழுந்து விழுந்து போகுது. பிறகு கவுன்சில்காரன் எந்தக் கிழமை எந்தத் தொட்டி எடுக்கிறான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"இது டைட்டேனியம். ராக்கெட் செய்யிற சாமான். இதிலயோ குப்பைத்தொட்டி விபரம் ஒட்டுறது?"

சுவிஸிலிருந்து மச்சாள் கொண்டுவந்த பசுமாட்டுக் காந்தத்தைப் பிடுங்கி, கலண்டரோடு சேர்த்து மேசையில் எறிந்தார். பிறகு மெல்லிய துணியால் பிரேமை ஒற்றி ஒற்றித் துடைத்தார். பெற்ற பிள்ளைகளின் முகத்தை அவர் அப்படித் துடைத்துவிட்டதாகச் சுவர்ணாவுக்கு ஞாபகமில்லை.

யோகலிங்கம் ஹரோ தமிழ்ச் சைக்கிளோட்டக் கழகத்தின் தலைவர். கழகத்தில் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், மூன்று உபதலைவர்கள், ஓர் உறுப்பினர். அந்த உறுப்பினரை நீக்குவதற்குத்தான் இன்று அவர் வீட்டில் விசாரணை.

உறுப்பினரின் பெயர் நிசாந்தன். சுவர்ணாவின் தம்பி. மலிவான காபன் பிரேம் ஒன்றை வாங்கித் தானே சைக்கிள் கட்டி ஓடுகிறான் என்பது குற்றச்சாட்டு. போன ஞாயிறு ஹரோ மேட்டில் தலைவரைத் தாண்டிப் போனதும், போகிற போக்கில் "மெல்ல வாங்கோ அத்தான்" என்று சொன்னதும் குற்றச்சாட்டில் இல்லை.

எல்லாரும் வந்து ஹோலில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். சுவரில் தலைவரின் சைக்கிளும் நிசாந்தனின் சைக்கிளும் அருகருகே சாய்ந்து நின்றன.

"சீனாவில செய்த காபன்," என்று தலைவர் எழுந்தார். "பேருமில்லை, ஊருமில்லை, பொய்ப் பிரேம். லண்டன்-பிறைட்டன் சைக்கிளோட்டத்தில நடுறோட்டில அது முறிஞ்சால் ஆருக்கு வெக்கம்? கழகத்துக்கு."

"அத்தான், நான் அதை மலிவுப் பிரேம் எண்டு சொல்லித்தானே ஓடுறன்," என்றான் நிசாந்தன். "தட்டிப் பாத்து, ஒவ்வொரு போல்ட்டும் அளவா இறுக்கித்தான் கட்டினனான். பிறைட்டனுக்கெண்டு குளிர்காலம் முழுக்க மழைக்குள்ள ஓடினனான். அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டுமாவது விடுங்கோ."

"ஏலாது. பொய்ப் பிரேமில ஓடுறவர் ஆராயிருந்தாலும், தலைவரே ஆனாலும், அந்த நிமிசமே வெளியில. கழகத்தின்ர யாப்பில அதுதான் சட்டம், எழுதினது நான்." அவர் தன் சைக்கிளைக் காட்டினார். "பிரேம் எண்டால் இது. தேவராசா, தூக்கிப் பாரும்."

செயலாளர் தேவராசா இரண்டு கையாலும் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. "ஓம், ஓம். பஞ்சு மாதிரி," என்று மூச்சு வாங்க இறக்கி வைத்தார். ரோல்ஸ் இன்னும் வரவில்லை.

"எங்கை எடுத்தனீங்கள், தலைவர்?" என்று கேட்டார் பொருளாளர்.

"அது எல்லாருக்கும் சொல்லுற இடமில்லை."

சுவர்ணா தட்டத்தோடு வந்து வாசலிலேயே நின்றாள். "என்ர தம்பியை வெளியில விட்டால் ரோல்சும் வெளியிலதான்."

"இஞ்சாரும், வீடு வேறை, கழகம் வேறை." யோகலிங்கத்தின் முகம் சிவந்தது. "சைக்கிளைப் பற்றி என்ன தெரியும் உமக்கு? சமையலைப் பாரும். நீக்கிறதுக்கு ஆதரவானவை கையை உயர்த்துங்கோ."

கைகள் உயர்ந்தன. ரோல்ஸ் வாசத்தில் கொஞ்சம் பிந்தித்தான் உயர்ந்தன, ஆனாலும் உயர்ந்தன. நிசாந்தன் ஹெல்மெட்டை எடுத்தான். அவன் கண் கலங்கியிருந்ததை அக்காவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

சுவர்ணா தட்டத்தைத் தொப்பென்று மேசையில் வைத்தாள். அங்கே கிடந்த கலண்டரையும் பசுமாட்டுக் காந்தத்தையும் தூக்கிக்கொண்டு நேரே தலைவரின் சைக்கிளுக்குப் போனாள்.

"நாளைக்குப் பச்சைத் தொட்டி. கழகத் தலைவர்தான் இழுத்துக்கொண்டு போய் றோட்டில வைக்க வேணும்." பசுமாட்டை வைத்து ஓர் அடி போட்டாள். டக்.

"உமக்கு எத்தினை தரம் சொல்லுறது?" யோகலிங்கம் பாய்ந்து வந்தார். "அதைக் கழட்டும். இப்பவே கழட்டும்."

"நான் கழட்டுறன்," என்றான் நிசாந்தன். பசுமாட்டை இழுத்து எடுத்தவன், தன் சைக்கிளில் வைத்துப் பார்த்தான். கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, தலைவரின் பிரேமுக்குக் கிட்டக் கொண்டுபோனான். கையிலிருந்து தாவிப்போய் ஒட்டிக்கொண்டது.

தட்டத்திலிருந்து எடுத்த ரோல்ஸைத் தேவராசா திரும்ப வைத்தார்.

"டைட்டேனியத்தில காந்தம் ஒட்டாது, அத்தான்."