அறுந்த பட்டன்

"ஒரு பட்டனுக்கு ஒரு மணி நேரமா? இன்னுமா முடியல?"

நான் உள்ளே நுழையும்போது மாப்பிள்ளை என் தங்கச்சியை இப்படித்தான் அதட்டிக்கொண்டிருந்தார். பனியனோடு நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படிக்கிறார்.

எதிரே தங்கச்சி. மடியில் அவருடைய சட்டை, வலது கையில் ஊசி. நாலு மாதத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் விழுந்த கை அது. ஊசி நழுவுகிறது. எடுக்கிறாள். மறுபடி நழுவுகிறது.

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது.

இத்தனைக்கும் மாப்பிள்ளை நாற்பது வருடம் தையல் கடை நடத்தியவர். கடையில் காஜா எடுப்பது, பட்டன் தைப்பது எல்லாம் தங்கச்சி வேலை என்றாலும், அவரும் கண்ணை மூடிக்கொண்டு தைப்பார்.

அவரை எனக்கு முன்பே ஆகாது. என் மகள் கல்யாணத்துக்கு எனக்குத் தைத்த சட்டை வயிற்றில் பிடித்தது. கேட்டதற்கு, "சட்டை அளவு சரிதான். மச்சான் வயிறுதான் அளவு தாண்டிடுச்சு" என்றார், சம்பந்தி வீட்டார் முன்னால். இருபத்தாறு வருடம் ஆகிறது. அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"வாங்க மச்சான்" என்றார். எழுந்திருக்கவில்லை.

"இதை நீங்களே தைச்சுக்கக் கூடாதா மாப்பிள்ளை?"

"வீட்ல ஆள் இருக்கும்போது நான் எதுக்கு?" பேப்பரைப் புரட்டினார். "ஏய், பூண்டு உரிக்கணும். மாவு பிசையணும். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு, இருக்கு" என்றாள் தங்கச்சி.

"காலைல அத்தனை தொட்டிச் செடிக்கும் இவதான் தண்ணி ஊத்தினா. குவளையில மொண்டு மொண்டு."

"ஏன், டியூப் என்னாச்சு?"

"ஓட்டை."

சொல்லும்போது ஒரு வெட்கம் வேண்டாமா? நான் தங்கச்சி பக்கம் திரும்பினேன். "இது எத்தனாவது பட்டன்மா?"

"இந்த வாரத்துல மூணாவதுண்ணா."

"போதும். துணிமணியை எடுத்து வை. என்கூடக் கிளம்பு. உங்க அண்ணி உன்னை உட்கார வச்சுச் சோறு போடுவா."

"நான் வரலண்ணா."

"இங்க கிடந்து சாகப் போறியா?"

மாப்பிள்ளையின் முகம் மாறியது. பேப்பரை மடித்து வைத்தார். "மாடியில துணி காயுது" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

விடுவேனா? இன்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடுவது என்று பின்னாலேயே படியேறினேன்.

மாடியில், காயும் துணிகளுக்குப் பின்னால் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். கையில் இன்னொரு சட்டை. நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல். 'கிளிக்' என்று ஒரு சத்தம். உள்ளங்கையில் ஒரு பட்டன்.

திரும்பியவர் என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலை மறைத்தார். பிறகு, மறைத்துப் பயனில்லை என்று தெரிந்தோ என்னவோ, பக்கத்தில் வந்தார்.

"அவகிட்டச் சொல்லிடாதீங்க மச்சான்."

"என்ன வேலை இது?"

"ஆஸ்பத்திரியில ஒரு ரப்பர் பந்து கொடுத்து, தினம் அமுக்கச் சொன்னாங்க. ரெண்டாம் நாளே தூக்கி வீசிட்டா. 'இனி எனக்குக் கை எதுக்கு'ன்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவ மூணு வாரம் எழுந்திரிக்கல. அப்புறம் ஒரு நாள் என் சட்டையில நிஜமாவே ஒரு பட்டன் விழுந்துச்சு. 'டெய்லர் பட்டன் இல்லாம வெளிய போனா பார்க்கிறவங்க சிரிப்பாங்க, கொண்டாங்க'ன்னு அவளாவே ஊசி கேட்டா. அன்னிக்கு ஊசியைப் பிடிக்கவே முடியல. இப்ப எட்டுத் தையல் போடுறா மச்சான்."

"அதுக்கு இப்படியா அதட்டறது?"

"பாவம்னு பேசினா அழறா. அதட்டினா கோபம் வருது. கோபத்துல கை வேலை செய்யுது."

பட்டனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம்னு டாக்டர் சொல்லியிருக்கார். நாலு போயாச்சு. இப்ப அவளைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அவ அண்ணி ஒரு துரும்பைக்கூட அசைக்க விடமாட்டாங்க."

நான் படியிறங்கி வந்தேன்.

தங்கச்சி பட்டனைத் தைத்து முடித்திருந்தாள். கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் கெட்டியாக இருந்தது.

"அவரைத் திட்டினீங்களாண்ணா?"

"இல்லம்மா."

"திட்டாதீங்க."

மடியில் கிடந்த பழைய நூல் துணுக்கை இரண்டு விரலால் மெல்ல எடுத்து என் முன்னால் நீட்டினாள். வலது கை விரல்கள்.

"தேய்ஞ்சு அறுந்த நூல்னா பஞ்சு பஞ்சாப் பிரிஞ்சிருக்கும். இது எவ்வளவு நேரா இருக்கு பாருங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாற்பது வருஷ டெய்லர். ஒரு பட்டனை ஒழுங்காப் பிய்க்கத் தெரியல."

அதை ஜன்னல் வழியாக ஊதிவிட்டாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கச்சி சட்டென்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, அலுத்துப்போன குரலில் சொன்னாள்:

"என்னங்க, இந்தச் சட்டையில காலர் பட்டனும் ஆடுது. நாளைக்கு விழுந்துடும் போலிருக்கே."

"அப்படியா? பார்க்கிறேன்" என்றார் மாப்பிள்ளை, கடுகடுவென்று.

நான் அந்தக் காலர் பட்டனைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவே இல்லை.