தத்ரூபம்

"கேஸை மூடிடுங்கம்மா. இது என் உத்தரவு."

கமிஷனர் மைக்கில் இப்படிச் சொன்னதும் அரங்கில் இருந்த போலீஸ் அதிகாரிகள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். எதிரே நின்ற பெண் இன்ஸ்பெக்டர் இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனால் கமிஷனர் தும்மினாலும் கைதட்டிவிடுவது அங்கே பழக்கம்.

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி மட்டும் கொட்டாவி விட்டார்.

அதிகாரிகளுக்கான ஒருநாள் பயிற்சி வகுப்பு அது. மேடையில் 'தலைமை - நேர்மை - சிந்தனை' என்று பெரிய பேனர். நடுவில் இருந்த நேர்மையை ஸ்பீக்கர் பெட்டி மறைத்திருந்தது; யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

தப்பான உத்தரவு போடும் மேலதிகாரியாக ஒருவரும், அதை மறுக்கும் கீழதிகாரியாக ஒருவரும் நடித்துக் காட்ட வேண்டும் என்பது நீதிபதியின் யோசனை. மேலதிகாரி வேஷத்துக்குக் கமிஷனரே முன்வந்தார். விளையாட்டுக்குக்கூட அவரை மறுத்துப் பேச யாரும் தயாராக இல்லாததால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்த இன்ஸ்பெக்டர்தான் கை தூக்கினார்.

கமிஷனர் மேடையேறியது கலை ஆர்வத்தால் அல்ல. அடுத்த டைரக்டர் ஜெனரல் யார் என்று சிபாரிசு செய்யும் குழுவுக்கு அந்த நீதிபதிதான் தலைவர். கமிஷனரின் மனைவி அந்தப் பதவிக்குரிய பங்களாவின் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவே எடுத்துவிட்டார்.

"உயிரே இல்லையே கமிஷனர்," என்றார் நீதிபதி. "எந்தக் கேஸு, எதுக்கு மூடணும், ஒண்ணுமே சொல்லலையே. கொஞ்சம் கற்பனை பண்ணிப் பேசுங்க."

கமிஷனருக்கு வியர்த்தது. கற்பனை என்ற சாமான் அவர் பரம்பரையிலேயே கிடையாது. பிறந்தநாள் வாழ்த்து எழுதக்கூட ஆபீசில் தனியாக ஆள் வைத்திருந்தார்.

"எந்தக் கேஸு சார்?" இன்ஸ்பெக்டர் பணிவாக எடுத்துக் கொடுத்தார்.

"அதான்மா... கார் மோதி வாட்ச்மேன் செத்தானே, அந்தக் கேஸு. டிரைவர்தான் ஓட்டினான்னு எழுதிடுங்க."

"ஓட்டினது கான்ட்ராக்டரோட பையன்னு பார்த்தவங்க சொல்றாங்களே சார்?"

"பார்த்தவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நம்ம ஆபீசுக்கு ஏ.சி. போட்டுக் கொடுத்தது யாரு, பார்த்தவங்களா? பையன் அடுத்த வாரம் வெளிநாட்டுக்குப் படிக்கப் போறான். வாழ வேண்டிய பிள்ளை. நீங்களும் ஒரு தாய்தானே?"

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைக் கண்டதும் கமிஷனருக்குச் சூடு பிடித்துக்கொண்டது.

"அந்த டிரைவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே சார்?"

"அவனுக்கென்னம்மா? சம்பளம்தானே கணக்கு? அதை மாசாமாசம் வீட்டுக்கு அனுப்பிடறேன்னு கான்ட்ராக்டர் வாக்குக் கொடுத்திருக்கார். ஜெயில்ல இருந்தாலும் டியூட்டியில இருக்கிற மாதிரிதான்."

அரங்கம் குலுங்கியது.

"அவருக்கு வலது கால்ல மாவுக்கட்டு சார். பிரேக்கை எப்படி மிதிச்சார்னு கோர்ட்ல கேட்பாங்களே?"

"மாவுக்கட்டைத்தான் நேத்தே பிரிச்சாச்சேம்மா!"

நீதிபதி தொடையில் தட்டிச் சிரித்தார். "பார்த்தீங்களா, இதுக்குப் பேர்தான் சிந்தனை! எதிராளி என்ன கேட்பான்னு முன்கூட்டியே யோசிச்சு வச்சிருக்கார்," என்று பக்கத்து நாற்காலிக்குப் பாடம் நடத்தினார்.

"நான் கையெழுத்துப் போடலேன்னா சார்?"

கமிஷனர் குரலைத் தாழ்த்தினார். பெற்ற தகப்பனுக்குக்கூட அவ்வளவு கனிவு வராது. "உங்க பொண்ணு பத்தாவதுதானே படிக்குது? நடு வருஷத்துல எங்கேயோ ஒரு மூலைக்கு மாத்தல் வந்தா குழந்தை பாவம் இல்லையா? சாயந்தரத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

அரங்கில் யாரும் சிரிக்கவில்லை.

"யோசிச்சுட்டேன் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "முடியாது."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்த ஒரு வார்த்தையைத் தங்கள் சர்வீசில் சொல்லியே அறியாதவர்கள்தான் முதலில் எழுந்து நின்று தட்டினார்கள்.

நீதிபதி மேடைக்கே ஏறிவந்து கமிஷனரைக் கட்டிக்கொண்டார். "என் கோர்ட்ல எத்தனையோ அயோக்கியனைப் பார்த்திருக்கேன். இவ்வளவு தத்ரூபமா ஒருத்தனைப் பார்த்ததில்லை! மனசுல துளி அழுக்கு இல்லாதவராலதான் சார் இப்படி நடிக்க முடியும். குழுவுல நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன்."

"எல்லாம் உங்க ஆசி," என்று கமிஷனர் நெளிந்தார்.

"எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீங்க?"

"ஒத்திகையா? சேச்சே! அப்படியே வாயில வந்ததுதான் சார்."

நீதிபதி நம்பவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. ஒத்திகை இல்லாம இப்படி வருமா?"

இன்ஸ்பெக்டர் மைக்கை இன்னும் கீழே வைத்திருக்கவில்லை.

"இன்னிக்குக் காலையில அவர் ரூம்ல ஒரு தடவை பார்த்தோம் சார். அந்த டிரைவர் இன்னும் லாக்கப்புலதான் இருக்கார்."