மாற்றியவர்

இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழாவது வாக்கியம் வரை, கணவரின் வரி எதையும் அவள் தொடவில்லை.

தொட வேண்டிய தேவையே வரவில்லை. பிழை விடாத மனிதர். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு.

அவர் போய் ஐந்து மாதம்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் சீட்டுகள். பன்னிரண்டு வருடம் ஒரே அறையில், இரண்டு மேசைகளில், இருவரும் தமிழாக்கியவை. ஒருமுறை தமிழாக்கிய வாக்கியத்தைக் கணினி மறப்பதில்லை. அதே ஆங்கில வாக்கியம் மறுபடி வந்தால் பழைய தமிழை எடுத்து நீட்டிவிடும். அந்த நினைவு முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக இப்போது அவள் திரையில். கம்பெனி புது மென்பொருளுக்கு மாறுகிறது. அதற்குள் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்.

அறையில் ஒரு விசைப்பலகையின் சத்தம்தான். அதற்கு இன்னும் பழகவில்லை.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேலே இரண்டு பெயருக்கு இடம் உண்டு.

உருவாக்கியவர். மாற்றியவர்.

அவருடைய வாக்கியங்களில் முதல் இடத்தில் மாசிலாமணி. இரண்டாவது இடம் காலி.

எல்லாவற்றிலும் காலி.

"என் வரியில மட்டும் கை வைக்காத" என்பார், அவள் எட்டிப் பார்த்தால். அவரும் அவள் வரிகளில் கை வைத்ததில்லை. அந்த விஷயத்தில் நியாயஸ்தர்.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு.

ஆங்கிலத்தில், சாப்பிட்ட பிறகு.

தமிழில், உணவுக்கு முன்.

மூன்று முறை படித்தாள். தேதியைப் பார்த்தாள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு மடிக்கணினியை வாங்கிக்கொண்டார்.

விட்டுவிடலாமா என்று இருந்தது.

விட்டால், இனி வரும் ஒவ்வொரு சீட்டிலும் இது போய் உட்காரும். யாரோ வெறும் வயிற்றில் விழுங்குவார்கள். அவர் எழுதியதை நம்பி.

"மன்னிச்சுக்குங்க" என்றாள், எதிர் மேசையைப் பார்த்து.

உணவுக்குப் பின் என்று மாற்றிச் சேமித்தாள்.

உருவாக்கியவர்: மாசிலாமணி.

மாற்றியவர்: திலகவதி.

பன்னிரண்டு வருட வேலையில் இரண்டு பெயரும் ஒன்றாக வந்தது இதுதான் முதல் தடவை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறிப்போயிருந்தது.

பிறகு கோப்பின் தொடக்கத்துக்குப் போனாள். முதல் வாக்கியத்திலிருந்து, அவருடைய வரிகளை மட்டும் மறுபடி படிக்கத் தொடங்கினாள்.

இன்னொரு பிழையாவது விட்டிருக்கமாட்டாரா என்று.