எடை குறையாத குட்டிகள்

அரைத் தீவனத்தில் விடப்பட்ட பத்துச் செம்மறிக் குட்டிகளும், இருபத்தைந்து நாள் கழித்து, முழுத் தீவனக் குட்டிகளின் எடைக்கே வந்து நின்றன. ஆராய்ச்சிப் பண்ணைத் தலைவர் டாக்டர் ஹரிஹரசுப்பிரமணியன் தராசுக்கு மாலை போடாததுதான் பாக்கி.

“பாரும்வே அசன் மைதீன், பசிச்சா உடம்பு செலவைக் குறைச்சுக்கிடுது! உலகமே என் கட்டுரையைப் படிக்கப்போகுது. நாளைக்கு நிபுணர் குழு வருது. உம்மையும் விசாரிப்பாங்க.”

தீவனம் வைக்கும் அசன் மைதீன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். உண்மையைச் சொன்னால் இருபது வருட வேலை போய்விடும்.

“ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“தீவனத்தை அள்ளிப் போட்டீரா? மூட்டையெல்லாம் சரியா இருக்கே!”

“தீவனத்தைத் தொடலய்யா. சாயங்காலம் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி வாங்குவேன். அதுக பசியில கத்துத சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நான் எப்படி நோன்பு திறக்க? தினம் ஒரு வாளிக் கஞ்சி அதுகளுக்கும் வாங்கி ஊத்துதேன்.”

தலைவர் தராசையே வெறித்தார். “குழு கேட்டா இதைச் சொல்லுவீரா?”

“சொல்லித்தானய்யா ஆகணும். நோன்பு வச்ச வாயால பொய் சொல்ல முடியுமா?”

தலைவர் பைய கைபேசியை எடுத்துக் குழுவை அழைத்தார்.

“நாளைக்கு வேண்டாம் சார். நோன்புப் பெருநாள் கழிச்சு வாங்க.”