இன்னும் கொஞ்சம் நரை

"இந்தப் படத்துல இருக்குற ஆளுக்கு வயசைக் கூட்டி வரைஞ்சு குடுக்கணும் தம்பி" என்று வியாகுலம்மாள் சொன்னபோது, ராக்கப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பாம்பனில் அவன் ஓவியக் கடை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. போர்டு எழுதுவான், பீடிக்கட்டு லேபிள் வரைவான், போட்டோவைப் பார்த்துப் பெரிய படமாகத் தீட்டிக் கொடுப்பான். வருகிறவர்கள் எல்லோரும் சுருக்கத்தை எடுக்கத்தான் சொல்வார்கள். செத்துப்போன அய்யாவை அவன் வரைந்தபோது, அவன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

கொழும்பு ஸ்டூடியோவில் எடுத்த அந்தப் போட்டோவில், இருபது வயது இளைஞன் ஒருவன் அரும்பு மீசையோடு நின்றான்.

"வயசைக் குறைக்கணும்னுதானேம்மா சொல்ல வந்தீக?"

"இல்ல, கூட்டணும். நெத்தியில கோடு போடு. மீசைய வெளுப்பாக்கு."

"எம்புட்டு நரை வேணும்?"

அவள் முக்காட்டை விலக்கித் தன் தலையைக் காட்டினாள். "இம்புட்டு."

ராக்கப்பனுக்குக் குழப்பம் கூடிப்போனது. தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கடலுக்குப் போன மகனாம்மா?"

வியாகுலம்மாள் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரரு தம்பி. கல்யாணமான மூணாம் மாசம் வலைக்குப் போனவரு, திரும்பல. இருவத்தேழு வருசமாச்சு. படத்தைச் சுவத்துல மாட்டியிருக்கேன். இப்பல்லாம் வீட்டுக்கு வாரவுக அத்தன பேரும் உன்னய மாதிரியேதான் கேக்குறாக."