மாமியின் அலுமாரி

பாதர் தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி, இரும்பு அலுமாரியின் கைப்பிடியைத் தொட்டார். "யேசுவே!" என்று அலறிப் பின்னால் பாய்ந்தார். பேய் சாமியாருக்கும் அடங்காது என்பது ஞானரட்ணத்துக்கு உறுதியாகிப்போனது.

றத்தோட்டைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து, அறுபத்தாறாம் ஆண்டில் பென்சன் வாங்கி உக்குவளைக்கு வந்தவர் அவர். அலுமாரி, செத்துப்போன மாமியார் விட்டுப்போனது. அதில் சட்டைகளுக்குப் பின்னால் ஒரு சாராயப் போத்தல் இருப்பது மனைவி டொறீனுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இப்போது தொட்டாலே சுள்ளென்று அடிக்கிறது. தொண்டை வறண்டே பல நாளாகிவிட்டது.

"பேய் இல்லன்னா கரண்டுதான். நம்ம ஜுனைதீன் நானாவக் கூப்பிடுவோம்," என்றாள் டொறீன்.

மறுநாள் காலையில் வயர்மேன் ஜுனைதீன் மீற்றரோடு வந்தார்.

"உள்ளுக்கு என்ன வச்சிருக்கீங்க, கிளாக்கரையா?"

"பைபிள். காலையில வாசிக்காட்டி எனக்குக் கை நடுங்கும்."

ஜுனைதீன் மீற்றரின் ஒரு கம்பியை அலுமாரியிலும் மற்றதைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தார். முள் எழும்பித் தொண்ணூறில் நின்றது.

"தொண்ணூறு வோல்ட்! பக்கத்துல பிளக்கு கூட இல்லியே!"

"மாமிதான். உசிரோட இருக்கும்போதே இதத் தொட விடமாட்டாங்க."

ஜுனைதீன் மெயின் சுவிட்சை அணைத்தார். முள் படுத்துவிட்டது. போட்டார், மறுபடியும் தொண்ணூறு.

"மெயின் சுவிட்சுக்கு அடங்குற பேய நான் பார்த்ததில்ல. மழையில சுவரு ஊறி, உள்ளுக்குள்ள வயர் கசியுது."

"அப்ப திருத்துங்க!"

"சுவரு காயணும். தை மாசம் வரைக்கும் கை வைக்காதீங்க."

தை மாசமா! ஞானரட்ணத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்நேரம் டொறீன் புது ரப்பர் செருப்பு சப்சப்பென்று ஒலிக்க வந்து, அலுமாரியைத் திறந்து, மேசைவிரிப்பை எடுத்துக்கொண்டு போனாள். அவளை அது ஒன்றும் செய்யவில்லை. செத்த பிறகும் மகளுக்கு ஒரு நியாயம், மருமகனுக்கு ஒரு நியாயம் என்று ஞானரட்ணம் பல்லைக் கடித்தார்.

முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவர், துவாயை மறந்து திரும்பி வந்தார். குசினிக் கதவுக்குப் பின்னால் டொறீனின் குரல் தணிவாகக் கேட்டது.

"தொண்ணூறு கூடிப்போச்சு நானா, அறுபது போதும்னுதானே சொன்னேன்?"