இன்னும் கொஞ்சம் துணி

கதவு உடைந்த வாஷிங் மெஷினின் டிரம்மைப் பாதியாக அறுத்து, விளிம்பைத் தேய்த்து, அதே மோட்டாரால் மெல்ல ஆடும் தொட்டிலாக்கியிருந்தான் ஜெபசிங். குறைமாதத்தில் பிறந்த மகளைக் கிடத்தும்போதெல்லாம் மெஷின் பழைய நினைப்பிலேயே பேசியது: “துணி குறைவாக உள்ளது. இன்னும் கொஞ்சம் போடவும்.” அதன்பிறகுதான் ஆடும்.

“அது வாய அடைச்சித் தொலைங்களேன்! பிள்ளைக்கு எடை ஏறலன்னு நானே அழுதுட்டு இருக்கேன்” என்றாள் மனைவி லில்லி.

“ரெண்டுக்கும் ஒரே போர்டுல்லா! பேச்ச நிறுத்துனா ஆட்டமும் நின்னுரும்.”

லில்லி வேளை தவறாமல் பாலூட்டினாள். மழைக்காலம் முடிந்த ஒரு மாலையில் பிள்ளையைக் கிடத்தியதும், தொட்டில் ஒன்றும் சொல்லாமல் ஆடத் தொடங்கியது.

“என்னங்க, பேச்சையே காணும்? கெட்டுப்போச்சா?”

ஸ்க்ரூடிரைவரோடு ஓடிவந்த ஜெபசிங், டிரம்மின் அடியில் இருந்த எடைக்கருவியைத் தொட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

“கெடல லில்லி. துணி போதுமாம்.”